கடைச் சத்தம்

செங்கல்வராயன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டது அவர் மனைவி வேண்டாவுக்கு முதலில் உறைக்கவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டதுதான் உறைத்தது. திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே காலமெல்லாம் ஷேர் வேன் ஓட்டிய மனுஷன். சிற்பப் பட்டறைக்குப் போகிற ஆளோ, கல்பாக்கம் டவுன்ஷிப்பில் பாத்திரம் தேய்க்கப் போகிற பொம்பளையோ, ஏறி உட்கார்ந்தால் இறங்கும்வரை அவர் வாய் ஓயாது. அப்படிப்பட்டவர் போன ஐப்பசி மழைக்கு முந்தி, மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏறி, பாசியில் கால் வழுக்கி, கொல்லையில் அடுக்கியிருந்த செங்கல் மேல் மல்லாக்க விழுந்தார். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தார்கள். முதுகெலும்பு நொறுங்கிவிட்டது, இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது, படுக்கைப் புண் வந்துவிடாமல் அடிக்கடி புரட்டிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

ரோட்டைப் பார்த்த வீடு. முன்னறைச் சுவரை இடித்து, தகரம் இறக்கி, வேண்டா நாஸ்தா கடை போட்டிருந்தாள். அதற்குப் பின்னால் ஒரு கூடம். அதற்கும் பின்னால் செங்கல்வராயனின் அப்பா கட்டிய பழைய அறை. செம்மண் சாந்தில் செங்கல் வைத்து எழுப்பிய சுவர், ஒரு முழத்துக்குக் குறையாத கனம். கழுவித் துடைக்கத் தோது என்று அவரை அங்கேதான் போட்டிருந்தார்கள். எந்த வெயிலுக்கும் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் முன்னால் இடி விழுந்தாலும் அங்கே கேட்காது.

ஆடி மாசக் காற்று ரோட்டு மணலை வாரிக் கடைக்குள் அடித்துக்கொண்டிருந்த ஒருநாள், தட்டைக் கொண்டுபோன வேண்டா அப்படியே திரும்ப எடுத்து வர வேண்டியதாயிற்று.

“இன்னா மாமா, ரெண்டு இட்லிகூட துன்ன மாட்டியா? வடகறி வச்சிக்கீறேன். ரோட்ல போறவன்லாம் வண்டிய நிறுத்திட்டுத் துன்றான்.”

“யாரு துன்னாங்க?”

“யாருன்னா? வர்ற சனந்தான்.”

“அதான், யாரு?”

வேண்டா யோசித்தாள். “நெம்மேலி கடல்தண்ணி பிளாண்ட்டுக்குப் போற புள்ளைங்க வந்துச்சுங்க. அப்பால பன்னீர்செல்வம் வந்துச்சு.”

“பன்னீரு இன்னா சொன்னான்?”

“இன்னாவோ சொல்லிச்சு. அடுப்பாண்ட நிக்கறவளுக்கு எங்க காது கேக்குது.”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரால் திருப்ப முடிந்தது அதைத்தான். “மனுஷன் பேசறது காதுல வுழுந்து எத்தினி நாளாவுது தெரியுமா வேண்டா? நீ வர்ற, தொடைக்கற, ஊட்டுற, போற. நான் செவுத்தையே பாத்துகினு கீறேன். கடையில பேசறது எனக்குக் கேக்கணும். அதுக்கு ஒரு வழி பண்ணு. இல்லன்னா சோத்த எத்துகினு வராத.”

கடையில் சட்னி அரைத்து, பார்சல் கட்டிக் கொடுக்கிறவள் ரூத். அவள் புருஷன் ஜெரோம் மாமல்லபுரத்து ஓட்டல்களில் கரண்ட் வேலை பார்க்கிறவன். ரூத் போய்ச் சொன்னதும் அவன் வந்து, முதலில் செல்போனை வைத்துப் பார்த்தான். பின்னறையில் சிக்னல் நிற்கவில்லை. புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்து பார்த்தான். கூடத்தைத் தாண்டுவதற்குள் அது விக்கி விக்கி நின்றுபோனது.

“இந்தச் செவுத்துக்கு அதெல்லாம் ஆவாது அண்ணி,” என்றான். “உங்க மாமனாரு கோட்டையில்ல கட்டி வச்சிக்கீறாரு. ஒயருதான் இஸ்க்கணும். எங்க ஓட்டல்ல பழைய ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர்லாம் கழட்டிப் போட்டாங்க. கேட்டு எடுத்தாறேன். கடையில ஒரு மைக்கு மாட்டிட்டா, நீங்க மூச்சு வுட்டாக்கூட அண்ணாத்தைக்குக் கேக்கும்.”

கடைக்கு லீவு விட்ட ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து ரூத்தும் ஜெரோமும் நேரே இங்கே வந்தார்கள். ஜெரோம் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தான். ஏற்கெனவே கரண்ட் ஒயர் போகிற குழாயிலேயே இதையும் விட்டுவிடலாமே என்று வேண்டா கேட்டாள்.

“கூடாது அண்ணி. கரண்டு ஒயரையும் இதையும் ஒன்னா வுட்டா ஸ்பீக்கரு உர்ர்ருன்னு கத்திகினே கெடக்கும். இது தனியாத்தான் போவணும். சும்மா வெளிய தொங்க வுட்டா எலி கடிச்சிடும், உப்புக்காத்து வேற. செவுத்துக்குள்ள பைப்பு வச்சிட்டா பேஜாரே இல்ல.”

கடைச் சுவரும் கூடத்துச் சுவரும் பிற்பாடு கட்டியவை. கட்டர் வைத்ததும் வெண்ணெய் மாதிரி வெட்டிக்கொடுத்தன. பரண் ஓரமாக ஒரு விரல்கட்டை ஆழத்துக்குக் காடி எடுத்து, குழாயைப் பதித்துக்கொண்டே பின்னறைச் சுவர் வரைக்கும் வந்துவிட்டான். அங்கேதான் வேலை நின்றது. நீளமான துளைக்கம்பி மாட்டிய டிரில்லை வைத்தால், கொஞ்ச தூரம் போனதும் கிறீச்சென்று கத்தியது. வாசல்காலுக்கு மேலே அந்தக் காலத்தில் கருங்கல் பாளம் ஒன்றைக் குறுக்கே வைத்திருந்தார்கள். ஜெரோம் ஏணியை நகர்த்திப் போட்டு வேறு இடம் பார்த்தான். இந்தத் தடவை செம்மண் சாந்து புட்டு மாவுபோல உதிர்ந்து கொட்டியது.

அவரைக் கட்டிலோடு கூடத்துக்குத் தள்ளிவிடலாம் என்று வேண்டா சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. அவர் மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்திவிட்டுப் பக்கத்தில் நின்றாள். சுவர் அதிர்ந்தது. காரை பொரிந்து விழுந்தது. கடைசியில் கம்பியின் முனை அவர் தலைமாட்டுக்கு மேலே எட்டிப்பார்த்தது. ஜெரோம் அதை உருவியதும் அந்த ஓட்டை வழியாக விரல் தடிமனுக்கு வெளிச்சம் வந்து எதிர்ச்சுவரில் நின்றது.

செங்கல்வராயன் புடவையை முகத்திலிருந்து விலக்கினார். “இரு, டிரில்லு போடாத,” என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “தோசக்கல்ல யாரோ தேய்க்கறாங்க.”

“ரூத்து மாமா. சும்மாதான கீதுன்னு கல்ல தேய்க்குது.”

“நல்லாத் தேய்க்குது,” என்றார். அன்றைக்கு அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

குழாயைச் செருகி, அதற்குள் ஸ்பிரிங் கம்பியை விட்டு, கம்பி முனையில் ஒயரைச் சேர்த்து டேப் சுற்றினான் ஜெரோம். வேண்டா கூடத்துப் பக்கம் ஏணியில் நின்று ஒயரை ஊட்டினாள். பாதியில் சிக்கிக்கொண்டது.

“இஸ்க்காத ஜெரோமு, உள்ள மடிஞ்சிக்கிச்சு,” என்றார் செங்கல்வராயன் படுக்கையிலிருந்தே. “அந்தக் கம்பிய எங்கைல குடு.”

ஜெரோம் தயங்கினான். பிறகு கம்பியின் முனையை அவர் கையில் கொடுத்தான். அந்தக் கைகளுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கைகள். கொஞ்சம் விட்டார், கொஞ்சம் இழுத்தார், மறுபடி விட்டார். சிவப்பும் கறுப்புமாக ஒயர் அவர் மார்மேல் வந்து சுருண்டு விழுந்தது. வேண்டா ஏணியை விட்டு இறங்கி வந்து பார்த்தபோது அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மூஞ்சியெல்லாம் செம்மண். ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ரூத் மைக்குப் பக்கத்தில் நின்று, “அண்ணாத்த, கேக்குதா?” என்றாள். அவர், “கேக்குது, கேக்குது,” என்று கத்தினார். அது கடைக்குக் கேட்கவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக இன்னொரு மைக் வேண்டும், அதை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்றான் ஜெரோம். அது அப்படியே நின்றுபோனது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை வேண்டா பின்னாளில் நினைத்துப் பார்க்கும்போதெல்லாம், அந்த வீடு கொஞ்சம் மூச்சு விட்ட காலம் என்றுதான் நினைத்துக்கொண்டாள். புரட்டிப் போடப் போகும்போதெல்லாம் அவரிடம் ஒரு சங்கதி காத்திருக்கும். வண்டிச் சத்தத்தை வைத்தே வந்தவர் யார் என்று சொல்வார். “பன்னீரு சொல்றத நம்பாத. நெலத்த வித்துட்டு நெலம் கீதுன்னு பேசிகினு கீறான்” என்பார். “அந்தப் பட்டறைப் புள்ள கல்லுத் தூசில இருமி இருமிச் சாவுறான். வெந்நீர்ல மொளகு தட்டிப் போட்டுக் குடு” என்பார். “நேத்து ஒருத்தன் ரெண்டு தபா சட்னி கேட்டான், நீ கண்டுக்கவே இல்ல” என்று சண்டைக்கு வருவார். தட்டு காலியாகத் திரும்பியது. டாக்டர் பேச்சோ, அவர் காதில் விழக்கூடாத வேறு பேச்சோ வந்தால், கடையில் மாவுப் பானைக்கு மேலே இருந்த ஆம்ப்ளிஃபயரின் ஸ்விட்சை வேண்டா பேச்சோடு பேச்சாக அணைத்துவிடுவாள். அது அவளுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது.

மதுராந்தகத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த ஒரே மகள் விஜயகுமாரிக்குத் தை மாசம் பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும். ஆனால் இந்த வீட்டில் எங்கே வைத்துப் பார்ப்பது. மாமியார் வீட்டாரே ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்துக்கொண்டார்கள். பெண் குழந்தை. வேண்டா போகவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளித் தள்ளி, குழந்தைக்குத் தொப்புள்கொடியும் விழுந்துவிட்டது. போனில் விஜயகுமாரி அழுதாள். “பக்கத்து பெட்டுக்காரிங்களுக்கெல்லாம் அம்மா வந்துச்சு. எனக்கு அம்மா இல்லன்னு நெனச்சிக்கறேன், வுடு,” என்றாள்.

அன்றைக்கு மத்தியானம் கடையில் ஆள் இல்லை. ரோட்டில் கானல் நெளிந்துகொண்டிருந்தது. அவருக்குப் பிடிக்கும் என்று காரப்பொடி மீன் வாங்கி வைத்துக்கொண்டு வேண்டா ஆய்ந்துகொண்டிருந்தாள். பொடி மீன், ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளிக் குடலை எடுக்க வேண்டும். ரூத் கீரை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“குமாரி அழுதிச்சா அக்கா?” என்றாள் ரூத்.

வேண்டா இன்னும் நாலைந்து மீன் ஆய்ந்தாள். பிறகு தலையைத் தூக்காமலே பேச ஆரம்பித்தாள்.

“எனக்கு இடுப்பு வுட்டுப்போச்சு ரூத்து. அவர ஒரு பக்கம் புரட்டசொல்லோ உள்ள இன்னாவோ எறங்கிகினு வருது. அதக்கூட நான் பெருசா நெனைக்கல. ஒன்னு சொல்றேன், யாராண்டயும் சொல்லாத. காலைல எழுந்து அந்த ரூமுக்குப் போவசொல்லோ, கதவாண்ட கொஞ்சம் நின்னுட்டுத்தான் போறேன். ராத்திரியே மூச்சு நின்னு போயிருக்கும்னு நெனைக்கறேன். நின்னு போயிருக்கட்டும்னுதான் நெனைக்கறேன். அப்பால உள்ள போனா கண்ண தொறந்துகினு என்னப் பாக்குது. சிரிக்குது. எனக்கு அப்போ சந்தோஷம் வர மாட்டேங்குது ரூத்து. இன்னிக்கும் கீதேன்னு வருது. என் பேத்தி மூஞ்சிய நான் எப்பப் பாக்கறது? இது போனாத்தான் பாப்பேனா?”

ரூத் கீரையைப் பார்க்கவில்லை, வேண்டாவைப் பார்க்கவில்லை. வேண்டாவின் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டா திரும்பினாள். ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் உள்ளே போனாள். அவர் மல்லாந்து படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். தலைமாட்டு ஸ்பீக்கரில் ரோட்டில் ஒரு லாரி போகிற சத்தம் வந்து ஓய்ந்தது.

“காரப்பொடியா?” என்றார்.

“ஆமா.”

“மாங்கா போடுவியா?”

“போட்றேன்.”

அவள் நின்றுகொண்டே இருந்தாள். விரலிலிருந்து மீன் தண்ணீர் தரையில் சொட்டியது.

“நானுந்தான் அத நெனச்சிகினு கீறேன் வேண்டா,” என்றார். “நீ சொல்லிட்ட. நான் சொல்லல. அவ்ளோதான்.”

“மாமா...”

“அழாத. அழுதுகினே மீன் ஆஞ்சா முள்ளு குத்தும். நீ மதுராந்தகத்துக்குப் போ. புள்ள மூஞ்சியப் பாரு. குமாரிகூட நாலு நாள் இரு. இங்க ரூத்து கீது, ஜெரோம் கீறான். புரட்டிப் போடறது இன்னா பெரிய வித்தையா?”

அந்த வாரமே போனாள். ஜெரோமும் ரூத்தும் நம்பிக்கையான ஆட்கள்தான். காலையிலும் சாயங்காலமும் ஜெரோம், நடுவில் கடையைப் பார்த்துக்கொண்டே ரூத் என்று ஏற்பாடு. பேத்தி கறுப்பாக, மொழுமொழுவென்று இருந்தது. அதற்கு வெந்நீர் விளாவிக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, மடியில் போட்டுத் தட்டியபோது வேண்டாவுக்கு இடுப்பு வலிகூட மறந்துபோனது. நாலு நாள் எட்டு நாளாயிற்று. தினமும் ரூத்தின் போனில் அவரிடம் பேசுவாள். பின்னறையில் சிக்னல் நிற்காததால் ரூத் கடைக்கும் அறைக்குமாக நடந்து, அவர் சொன்னதை வேண்டாவிடம் சொல்வாள், வேண்டா சொன்னதை அவரிடம் சொல்வாள். “இருந்துட்டு வரச்சொல்லு” என்பதுதான் தினமும் அவர் சொன்னது. குழந்தைக்கு முப்பதாம் நாள் சாமி கும்பிட்டு, அதைத் தொட்டிலில் போட்டுவிட்டுத்தான் வேண்டா திரும்பினாள்.

கூடத்தைத் தாண்டும்போதே வாடை அடித்தது.

அவரைப் புரட்டிப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே, உள்ளங்கையை வைத்தால் மூடாத அளவுக்குப் புண். ஓரமெல்லாம் கறுத்திருந்தது. அவருக்கு அங்கே வலி தெரியாது. ரூத் வாசற்படியிலேயே நின்று அழுதாள்.

“நான் போற நேரமெல்லாம் கேட்டேன் அக்கா. இப்பதான் ஜெரோம் திருப்பிட்டுப் போனான், நீ போய் கடையப் பாருன்னு அண்ணாத்த சொல்லிச்சு. ஜெரோமாண்ட நான் திருப்பிட்டேன்னு சொல்லிக்கீது. ரெண்டு பேரும் நம்பிட்டோம்.”

வேண்டா துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தாள். “இன்னாத்துக்கு மாமா அப்படிச் சொன்ன?” என்றாள்.

“அதுங்க புள்ளைங்க. எத்தினி தபா கூப்புட்றது?”

“மாமா, மெய்யா சொல்லு.”

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “புள்ள யாராட்டம் கீது?” என்று கேட்டார்.

அவள் மற்றக் கையால் துணியை மறுபடி வெந்நீரில் அமுக்கினாள். “உன்னாட்டந்தான்,” என்றாள் கடைசியில். “வாய் மூட மாட்டேங்குது.”

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றபோது மாட்டேன் என்று ஒரே பிடியாக இருந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வந்து புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டுப் போனாள். மாத்திரை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். பங்குனி முழுக்கக் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. வேண்டா எந்த வேலைக்கு நடுவிலும் நேரம் பார்த்து ஓடி வந்து அவரைப் புரட்டினாள். ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. புண் ஆறவில்லை. வாரக் கடைசியில் விஜயகுமாரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தையை அவர் மார்மேல் படுக்க வைத்தார்கள். அது அழுதது. “அழட்டும், வுடுங்க, கேக்கறேன்,” என்றார்.

சித்திரை பிறந்து வெயில் ஏறிய ஒரு நாள் காலை, புண்ணைத் துடைத்துக் கட்டிவிட்டு அவள் கிளம்பும்போது, கடைக்குப் போனதும் ஸ்பீக்கர் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி வைக்கச் சொன்னார். ஏற்றி வைத்தாள். கடையில் அன்றைக்குக் கூட்டம். கல்பாக்கம் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கியிருந்தார்கள். தோசைக் கரண்டியை ரூத்திடம் கொடுத்துவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வேண்டா உள்ளே போனபோது வெயில் நன்றாக ஏறிவிட்டிருந்தது. கஞ்சி ஆறிவிடும் என்று கதவருகே நிற்காமல் நேரே போய்விட்டாள்.

அவர் முகம் ஸ்பீக்கரின் பக்கம் திரும்பியிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. அவள் கையை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு நெற்றியில் வைத்தாள். கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

ரூத்தைக் கூப்பிட வாய் திறந்தாள். இங்கிருந்து கத்தினால் அங்கே கேட்காது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

ஸ்பீக்கர் பேசிக்கொண்டிருந்தது. அதை அந்த அறையில் நின்று முழுசாக அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கடை நடக்கும்போதெல்லாம் அவள் கடையில் இருந்தாள், இங்கே வந்தால் புரட்டவும் துடைக்கவுமே நேரம் சரியாக இருந்தது. கல்லில் மாவு விழுந்து சுர்ரென்று இழுத்தது. டம்ளர்கள் உரசின. யாரோ இருமினார்கள். யாரோ இன்னொரு வடை கேட்டார்கள். பன்னீர்செல்வம் தன் நிலத்தைப் பற்றி ஆரம்பித்தான், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லாம் இத்தனை கிட்டத்தில், காதோடு காதாகச் சொல்வதுபோல் கேட்டது. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இன்னாமே, தோச இப்புடி கருவுது,” என்றது ஓர் ஆண் குரல். “வேண்டா எங்க?”

“அக்கா உள்ள அண்ணாத்தைக்குக் கஞ்சி குடுத்துகினு கீது,” என்றாள் ரூத். “தோ வந்துடும். உக்காரு.”